சர்க்கரை நோயும் உடம்பில் உள்ள உப்பும்

மும்பை நகரில் தாராவி என்று ஒரு பகுதி உள்ளது. சின்னச் சின்ன வீடுகள். குறுகிய சந்துகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பே பிழைக்கப் போன தமிழர்கள் அங்கே நிறையப் பேர் வாழ்கிறார்கள். விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நகரமெங்கும் விற்கப் புறப்படுகிறவர்கள் அங்கே உண்டு.

அப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அந்த வீட்டு அம்மாவுக்கு வயது 62. மாவு அரைப்பதும் இட்லி அவிப்பதும் அவர் வேலை. மகன் விற்று வருவான். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 12 வருடம் ஆகிறது. இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

மே மாதம். அடுப்பு வெக்கையும் மும்பைப் புழுக்கமும் சேர்ந்துகொண்டன. அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் நிற்கவில்லை. "தண்ணீர் நிறையக் குடி" என்று எல்லோரும் சொன்னார்கள். குடித்தார். வெறும் தண்ணீர். கஞ்சியும் குடித்தார். உப்புப் போடாத கஞ்சி. ஏனென்றால் பி.பி. உள்ளவர் உப்பே தொடக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவர் ஒரு வருடமாகவே உப்பை அடியோடு விட்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா ஒரு மாதிரி இருந்தார். எழுந்து உட்கார முடியவில்லை. பேரனைப் பார்த்து, "யாருல இது?" என்று கேட்டார். இட்லி அவிக்கும் நேரம் ஆகிவிட்டதா என்று நடு மத்தியானத்தில் கேட்டார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். காத்துக் கறுப்பு என்றார் இன்னொருவர். "சர்க்கரை இறங்கிவிட்டது. உடனே சர்க்கரையை வாயில் போடு" என்றார் மூன்றாமவர்.

மகன் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தான். அது நல்ல காரியம். சர்க்கரை 240 இருந்தது. இறங்கவில்லை என்று தெரிந்தது. உடனே டாக்சி பிடித்து நகராட்சி மருத்துவமனைக்குக் கொண்டு போனான்.

அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னார்: "அம்மாவுக்கு உப்பு குறைந்துவிட்டது."

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரை நோய்க்காரருக்கு உப்பு எப்படிக் குறையும்?

இது எந்த உப்பு?

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. நோயைப் பற்றிப் பேசும்போது 'உப்பு' என்ற ஒரே சொல் பல பொருளில் புழங்குகிறது. சிறுநீரகம் பழுதானவரைப் பற்றி, "அவருக்கு உப்பு கூடிவிட்டது" என்பார்கள். அங்கே உப்பு என்றால் கிரியாட்டினின், யூரியா. அவை உடம்பின் கழிவுகள். சாப்பாட்டு உப்பு அல்ல. சிறுநீரில் புரதம் போனால் அதையும் சிலர் "உப்பு போகிறது" என்பார்கள். அதுவும் சாப்பாட்டு உப்பு அல்ல. இந்த ஒரு சொல்லால் எத்தனையோ பேர் தவறான பத்தியம் பிடித்திருக்கிறார்கள். ஆகவே டாக்டர் "உப்பு" என்று சொன்னால், "எந்த உப்பு, டாக்டர்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

அந்த அம்மாவுக்குக் குறைந்தது சோடியம். சமையல் உப்பில் இருப்பது இதுதான். இரத்தத்தில் இது ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். சோதனைச் சீட்டில் இந்த எண்தான் வரும். அம்மாவுக்கு 118 இருந்தது.

சோடியம் போலவே பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு என்று வேறு சில தாது உப்புகளும் நம் இரத்தத்தில் கரைந்திருக்கின்றன. தண்ணீரில் கரைந்ததும் இவை மின்சாரத்தைக் கடத்தும் தன்மை பெறுகின்றன. அதனால் இவற்றை எலக்ட்ரோலைட் என்கிறார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் மின்பகுளி என்று இருக்கும். கை அசைவதும், இதயம் துடிப்பதும், மூளை நினைப்பதும் மிகச் சிறிய மின்சார ஓட்டத்தால்தான் நடக்கின்றன. அந்த ஓட்டத்துக்கு இந்த உப்புகள் வேண்டும்.

நம் உடம்பு கோடி கோடி நுண்ணறைகளால் ஆனது. அவற்றைச் செல் என்கிறோம். பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்கு உள்ளே இருக்கும். சோடியம் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே இருக்கும். ஒன்று வீட்டுக்குள், மற்றது திண்ணையில் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு கலைந்தால் ஆபத்து.

சோடியம் குறைந்தால் என்ன ஆகும்? வெளியே உள்ள நீர் செல்லுக்குள் புகும். செல் உப்பும். மூளையின் செல்லும் உப்பும். ஆனால் மண்டையோடு விரிந்து கொடுக்காது. அதனால் தலைவலி, வாந்தி, மந்தம், குழப்பமான பேச்சு வருகின்றன. முற்றினால் வலிப்பு வரும். நினைவு தப்பும். அந்த அம்மாவுக்குப் பேரனை அடையாளம் தெரியாமல் போனது இதனால்தான். காத்தும் இல்லை, கறுப்பும் இல்லை.

சர்க்கரை நீரை இழுக்கும்

நறுக்கிய மாங்காயில் உப்புத் தூவி வைக்கிறோம். சற்று நேரத்தில் மாங்காய் தண்ணீர் விடுகிறது. உப்பு நீரை இழுக்கிறது. சர்க்கரையும் அப்படியே செய்யும். பழத் துண்டுகளின் மேல் சர்க்கரை தூவி வைத்தால் தெரியும்.

உடம்பிலும் இதுதான் நடக்கிறது. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது அதில் உள்ள சர்க்கரையைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளும். வீணாக விடாது. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் எல்லாவற்றையும் பிடித்து வைக்க முடியாது. மிச்சம் சிறுநீரில் போகும். போகும் சர்க்கரை தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் போகும். சர்க்கரை நோய்க்காரர் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், அடங்காத தாகம் எடுப்பதும் இதனால்தான். சிறுநீரில் சர்க்கரை மட்டும் போகிறது என்று நினைக்கிறோம். உப்பும் போகிறது.

இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். நடுத்தர வயதில் மெதுவாக வருவது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்வரை உப்புகளும் பெரும்பாலும் சீராக இருக்கும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில் ஆகியவற்றில் ஒன்று வந்து சேரும்போதுதான் தகராறு தொடங்கும்.

சில முதியவர்களுக்குக் காலில் புண்ணோ, நுரையீரலில் சளியோ, சிறுநீர்த் தாரையில் கிருமியோ வரும். சர்க்கரை ஏறும். சிறுநீர் கொட்டும். தாகம் தெரியாது, அல்லது எழுந்து போய்த் தண்ணீர் எடுக்கத் தெம்பு இருக்காது. இப்படியே பல நாள் போகும். உடம்பு வற்றிவிடும். சர்க்கரை 600-க்கு மேல் போய்விடும். ஆளுக்கு நினைவு மங்கும். "வயசாகிவிட்டது, தூங்கட்டும்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். இது உயிருக்கே ஆபத்தான நிலை. வீட்டில் வைத்து எந்த வைத்தியமும் பார்க்கக் கூடாது.

மாத்திரைகளின் பங்கு

அந்த அம்மா சாப்பிட்ட பி.பி. மாத்திரையில் நீர் மாத்திரையும் கலந்திருந்தது. நீர் மாத்திரை என்றால் சிறுநீரை அதிகமாகப் போக்கும் மாத்திரை. பி.பி.க்கும் கால் வீக்கத்துக்கும் தருவார்கள். நல்ல மருந்துதான். ஆனால் அது சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே அனுப்பும். வயிற்றுப்போக்கு ஒரு பக்கம், நீர் மாத்திரை ஒரு பக்கம், உப்பில்லாக் கஞ்சி ஒரு பக்கம், குடம் குடமாய் வெறும் தண்ணீர் இன்னொரு பக்கம். குழம்பில் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால் உப்பு சப்பென்று ஆவது போல இரத்தம் ஆகிவிட்டது.

வேறு சில பி.பி. மாத்திரைகள் நேர் எதிர். அவை பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெடாமல் காப்பாற்ற இந்த வகை மாத்திரைகளை டாக்டர்கள் விரும்பித் தருகிறார்கள். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறிவிடலாம்.

சர்க்கரைக்கே தரும் புதிய மாத்திரைகளில் ஒரு வகை உண்டு. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது நன்மை செய்கிறது. ஆனால் சாப்பிட முடியாமல் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருக்கும் நாளில் அதையும் சாப்பிட்டால் உடம்பு மேலும் வற்றும். இரத்தத்தில் அமிலமும் சேரலாம். பலரும் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் அந்த நாளில் எச்சரிக்கை தேவை.

இதனால் மாத்திரையே வேண்டாம் என்று நிறுத்திவிடக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டு வைக்க வேண்டும்: "வாந்தி, பேதி வந்தால் இதில் எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பாடு இறங்கவில்லை என்பதற்காகத் தாமாக இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும். வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்று நிறத்தை மட்டும் தெரிந்து வைத்திருப்பது போதாது. கடைக்குக் கடை நிறம் மாறும். பெயர் மாறாது. அட்டையின் மேல் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பழக வேண்டும்.

பொட்டாசியம் என்னும் இருபக்கக் கத்தி

பொட்டாசியம் இரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்கலாம். மிகச் சிறிய அளவு. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இதயத்துடிப்பு தடுமாறும்.

குறைந்தால் கால் கெண்டை இழுக்கும். கை கால் தளரும். மலச்சிக்கல் வரும். படபடப்பு வரும். இன்சுலினுக்கும் பொட்டாசியத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும்போது பொட்டாசியத்தையும் கூட அனுப்புகிறது. அதனால் ஆஸ்பத்திரியில் இன்சுலினை நரம்பு வழியாக ஏற்றும்போது இரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று இறங்கும். "சர்க்கரைக்குத்தானே வந்தோம், எதற்கு மூன்று தரம் இரத்தம் எடுக்கிறார்கள்?" என்று வீட்டார் கோபப்படுவது உண்டு. அவர்கள் பார்ப்பது இதைத்தான்.

மக்னீசியமும் குறைந்திருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் நிற்காது. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பொட்டாசியம் கூடுவது இன்னும் மோசம். பல நேரம் அது எந்த அறிகுறியும் காட்டாது. வெறும் அசதி மாதிரி இருக்கும். இதயம் நின்ற பிறகுதான் தெரிந்தது என்ற நிலைமையும் வரலாம். சிறுநீரகம் பழுதான சர்க்கரை நோயாளிகள்தான் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். வாழைப்பழத்திலும் அதிகம். மற்றவர்களுக்கு இவை நல்லவை. கிரியாட்டினின் ஏறியவருக்கு இளநீர் மருந்தல்ல. ஆஸ்பத்திரி வாசலிலேயே இளநீர் வண்டி நிற்கும். நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் அன்போடு வாங்கி வருவார். முதலில் நர்ஸம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

கடைகளில் 'லோ சோடியம் உப்பு' என்று ஒன்று விற்கிறது. பி.பி.க்கு நல்லது என்று சொல்வார்கள். அதில் சோடியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக உள்ள பெரியவர்களுக்கு அது உதவும். சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கு அது ஆகாது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பற்றி ஆலோசனை வெளியிட்டபோது சிறுநீரக நோயாளிகளுக்கு அது பொருந்தாது என்றே சொன்னது.

சாதாரண உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் வீடுகளில் பெரும்பாலும் அதைவிட அதிகம் சேருகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை வறுவல் என்று சேர்ந்துவிடுகிறது. அதைக் குறைப்பது சரி. குறைப்பது வேறு, அடியோடு விடுவது வேறு.

பன்காவ் முகாமில் நடந்தது

1971-ஆம் ஆண்டு. வங்காளதேச விடுதலைப் போர். அங்கிருந்து சுமார் ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்காளத்தில் பன்காவ் என்ற எல்லை ஊர். அங்கே டாக்டர் திலீப் மகலனாபிஸ் வேலை பார்த்தார். நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் பாட்டில் போதவில்லை.

அவர் ஒரு முடிவெடுத்தார். சாப்பாட்டு உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து கலந்து பொட்டலம் கட்ட ஏற்பாடு செய்தார். அதைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். படித்த நர்ஸ் வேண்டியதில்லை. தாயோ, அண்ணனோ டம்ளரோடு உட்கார்ந்து ஊட்டினார்கள். அதற்கு முன் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அவர் மேற்பார்வையில் இருந்தவர்களிடையே அது நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்தப் பொட்டலம்தான் பின்னர் திருத்தம் பெற்று இன்றைய ஓ.ஆர்.எஸ். ஆனது. உப்பு, குளுக்கோஸ், பொட்டாசியம், சிட்ரேட் நான்கும் அதில் உள்ளன.

"அதில் சர்க்கரை இருக்கிறதே! சர்க்கரை நோய்க்காரர் குடிக்கலாமா?" என்று பலர் பயப்படுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.-இல் குளுக்கோஸ் 13.5 கிராம் இருக்கிறது. 200 மில்லி டம்ளருக்கு மூன்று கிராமுக்கும் குறைவு. அதாவது அரை டீஸ்பூனை ஒட்டிய அளவு. ருசிக்காக அதைப் போடவில்லை. குடலின் சுவரில் ஒரு கதவு உண்டு. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். அவற்றின் பின்னால் தண்ணீர் நுழையும். குளுக்கோஸை நீக்கினால் ஓ.ஆர்.எஸ். வேலை செய்யாது. ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள நாளில் சர்க்கரை நோயாளியும் அதைக் குடிக்கலாம். நடுநடுவே சர்க்கரையைப் பார்த்துக்கொண்டால் போதும். உடம்பு நன்றாக இருக்கும்போது தெம்புக்காகக் குடிப்பது வேறு. அது வேண்டாம்.

ஒன்றில் ஏமாறக் கூடாது. அட்டைப் பெட்டியில் அடைத்த இனிப்புப் பானங்கள் சில ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு மருந்துக் கடையிலேயே விற்றன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு இருந்தது. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று எழுதியிருக்கும் பொட்டலத்தையே வாங்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டும் வாங்கலாம். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று குத்துமதிப்பாகக் கரைக்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும் ஒரு டம்ளர். மடமடவென்று அல்ல, மடக்கு மடக்காக. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழப்பமாகப் பேசினால்

சர்க்கரை நோயாளி தள்ளாடினாலோ, குழறினாலோ காரணம் இரண்டு மூன்று இருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஏறியிருக்கலாம். சோடியம் குறைந்திருக்கலாம். பக்கவாதமாகவும் இருக்கலாம். விரலில் குத்திப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கொடுக்க வேண்டும். கருவி இல்லாத வீட்டில், ஆள் விழித்திருந்து விழுங்க முடிந்தால், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். ஏறியிருக்கும் சர்க்கரை அதனால் கொஞ்சம்தான் கூடும். இறங்கிய சர்க்கரையோ உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கும். 108-ஐ அழைக்க வேண்டும்.

போகும்போது மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். தாராவி மகன் அதைச் செய்தான். அட்டையைப் பார்த்ததுமே டாக்டருக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

அம்மாவுக்கு உப்பு நீரை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மிக மெதுவாக ஏற்றினார்கள். மகனுக்குப் பொறுக்கவில்லை. "உப்புதானே குறைவு? ஒரே நாளில் ஏற்றிவிடக் கூடாதா?" என்றான். கூடாது. குறைந்த சோடியத்துக்கு மூளை பழகிவிட்டிருக்கும். திடீரென்று ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை சிதையும். கை கால் விழுந்துவிடலாம். அதனால் ஒரு நாளைக்கு 8 அல்லது 10 எண்ணுக்கு மேல் ஏறவிட மாட்டார்கள். இடையிடையே இரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். நீர் மாத்திரையை டாக்டர் எடுத்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார். ஒரு வாரம் கழித்துச் சோடியமும் பொட்டாசியமும் மறுபடி பார்க்கச் சொன்னார். புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று அறிய அது வேண்டும்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது சோடியம் 136 இருந்தது. அம்மா டாக்டரிடம், "இனி ஊறுகாய் தொட்டுக்கலாமாய்யா?" என்று கேட்டார்.

"ஊறுகாய் வேண்டாம். குழம்பில் எல்லோருக்கும் போடுகிற உப்பில் கொஞ்சம் குறைத்துப் போட்டுச் சாப்பிடுங்கள்" என்றார் டாக்டர்.

பேரன் மூன்று மாத்திரைகளின் பெயரையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினான். வாந்தி, பேதி வந்தால் எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் அதன் கீழே எழுதினான். அந்தத் தாள் மாவு டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆணியில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் தொங்குகின்றன.